வெளிநாடு போகிறவர்களுக்கு 'நோ கிளைம்' கடிதம் கேட்டவுடன் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வேலூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கும் காருக்கு ஷோரூமில் போட்டுத் தரும் பாலிசி வேண்டாம், நாமே நேரில் போய்ப் போடுவோம் என்று நினைத்தேன். இங்கிலாந்தில் கிளைம் போடாமல் கார் ஓட்டியதற்கு அந்த ஊர் கம்பெனி கொடுத்த 'நோ கிளைம்' சான்றை மேஜை மீது வைத்தேன். அந்தத் தாளை அங்கிருந்த அலுவலர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது இங்கிலாந்து பேப்பர் மேடம். இதுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு என் பக்கமே தள்ளிவிட்டார். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களுக்காகவாவது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு செவிலியர். சொந்த ஊர் பள்ளிகொண்டா, இப்போது காட்பாடியில் வீடு. 2021 அக்டோபரில் இங்கிலாந்து போனேன். லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் 2025 ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டேன்.

போவதற்கு முன்பு எங்களிடம் ஒரு ஆல்டோ இருந்தது. 2014-ல் வாங்கியது. ஏழு வருடம் ஓட்டியதில் ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. ஒவ்வொரு ரினீவலிலும் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, ஏறி ஏறி 50 சதவீதத்தில் நின்றிருந்தது. நம் நாட்டில் அதற்கு மேல் ஏறாது. முதல் வருடம் கிளைம் இல்லையென்றால் 20, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருடம் தாண்டினால் 50. இது நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதிக்கு மட்டும்தான். அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் குறையாது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் போனது ஒன்றுதான். அந்தப் போனஸ் காருக்கு உரியது அல்ல, எனக்கு உரியது. காரை விற்றாலும் அது என்னோடுதான் வரும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஆல்டோவை விற்றோம். பாலிசியையும் சேர்த்து வாங்கியவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தோம். எங்கள் ஏஜென்ட், நல்ல மனிதர், வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காரை விற்கும்போது கம்பெனியிடம் கேட்டால் 'இவருக்கு இத்தனை சதவீதம் போனஸ் உண்டு' என்று ஒரு கடிதம் தருவார்கள், அதை மூன்று வருடத்துக்குள் வேறு காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவரும் சொல்லவில்லை, கிளையிலும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியில் மிளகாய்த்தூள், புளி, எலுமிச்சை ஊறுகாய், பிரஷர் குக்கர் வெயிட் முதற்கொண்டு எடுத்து வைத்தவளுக்கு இந்த ஒரு தாள் மட்டும் தோன்றவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் செல்லும். அதைப் பெரிய சொத்தாக நினைத்துப் பத்திரமாக எடுத்துப் போனேன். அது நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். சில நாடுகளில் கேட்பார்கள். இங்கிலாந்தில் குடியேறியவருக்கு நம் லைசென்ஸே முதல் 12 மாதத்துக்குப் போதும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பர்மிட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஊரில் கார் இல்லாமல் முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் இருந்தால் முடியும். எங்கள் ஊரில் கடைசி பஸ் சாயங்காலமே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. நைட் டூட்டி முடிந்து காலை ஏழே முக்காலுக்கு வெளியே வந்தால் டிசம்பர் மாதம் இன்னும் இருட்டாகவே இருக்கும். கால் விரல்கள் மரத்துப்போக நாற்பது நிமிடம் நடந்து வீடு சேர்வேன். நான்கு மாதம் அப்படித்தான் நடந்தேன். 2022 பிப்ரவரியில் 3,200 பவுண்டுக்கு ஒரு பழைய சின்ன டொயோட்டா பார்த்து வைத்தேன். நம் ஊர் மாதிரியே சாலையின் இடது பக்கம், ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டுவதில் என்ன கஷ்டம் என்று தைரியமாக இருந்தேன். கஷ்டம் ஓட்டுவதில் இல்லை, இன்சூரன்ஸில்தான்.

அங்கே இன்சூரன்ஸ் போட நம் ஊர் மாதிரி காரின் மாடல், வருடம் மட்டும் சொன்னால் போதாது. ஓட்டுகிறவரைப் பற்றித்தான் பாதிக் கேள்விகள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம்? லைசென்ஸ் எந்த நாட்டுடையது? என்ன வேலை? ராத்திரி கார் எங்கே நிற்கும்? எத்தனை வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஏழு என்று சந்தோஷமாகப் போட்டேன். அடுத்த வரியிலேயே 'இந்த நாட்டில் சம்பாதித்ததா?' என்று கேட்டது. 'இல்லை' என்று போட்டதும் ஏழு பூஜ்யமாகிவிட்டது. கொட்டேஷன் 2,140 பவுண்ட் வந்தது. என் வார்டில் என் வயதுதான், அந்த ஊர்ப் பெண். அவள் கட்டியது 380.

போனில் கேட்டுக் கேட்டு ஒரு புரோக்கரைப் பிடித்தேன். வெளிநாட்டு நோ கிளைமைப் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை, ஒன்றிரண்டு எடுப்பார்கள் என்று அவர் சொன்னார். அதற்கு அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், என் பெயர், பாலிசி நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை வருடம் கிளைம் இல்லை, கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான், பத்து வரிகூட வராது.

அன்றைக்கு ராத்திரியே வேலூர் கிளைக்கு ஈமெயில் அனுப்பினேன், பதில் இல்லை. என் கணவர் நேரில் போனார். "ரினீவல் நோட்டீஸ்லயே நோ கிளைம் போனஸ் 50 சதவீதம்னு அச்சாகியிருக்கே சார், அதுவே போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோது மேனேஜர் லீவு. மூன்றாவது முறை, ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதி, முத்திரை இல்லாமல், வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதில் பாலிசி நம்பரில் ஒரு இலக்கம் தவறு. புரோக்கர் மரியாதையாக முடியாது என்றார். கடைசியில் 1,760 பவுண்டுக்கு வேறு ஒரு கம்பெனியில் போட்டேன். மாதத் தவணை கேட்டால், நான் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கடன் வரலாறு எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒரே தவணையில் முழுத் தொகை. காருக்கு 3,200, இன்சூரன்ஸுக்கு 1,760. அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை.

அந்தக் கேள்விப் பட்டியலில் இன்னொன்று என்னைச் சிக்க வைக்கப் பார்த்தது. 'காரை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?' சொந்த வேலைக்கு மட்டுமா, வேலைக்குப் போய் வரவுமா, பிசினஸுக்கா என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான் பிசினஸ் செய்கிறவளா என்ன, ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன் என்று நடுவில் உள்ளதை டிக் செய்துவிட்டேன். எங்கள் வார்டில் பதினைந்து வருடமாக இருக்கும் கோட்டயத்துச் சேச்சி ஒருவர்தான் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னார். "நீ ஒரே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் சரி. நடுவில் ஆள் இல்லை என்று பக்கத்து ஊர் யூனிட்டுக்கு அனுப்பினால், நோயாளி வீட்டுக்கு டிரெஸ்ஸிங் செய்யப் போனால், அது பிசினஸ் கணக்கில் வரும் மோளே. அந்த வழியில் இடித்தால் கம்பெனி கை விரித்துவிடும்." அன்றைக்கு மாலையே போன் செய்து மாற்றினேன். 46 பவுண்ட் கூடுதல். அடுத்த வாரமே என்னைப் பக்கத்து ஊர் யூனிட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சேச்சிக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. செவிலியர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரீமியத்தைப் பார்த்துப் பயந்து இருக்கும் நேரத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் வருவார்கள். என்னோடு அறையில் இருந்த பெண் வாணியம்பாடி பக்கம். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒருவர் 700 பவுண்டுக்குப் பாலிசி போட்டுத் தருகிறேன் என்றார். தாள் வந்தது. கம்பெனி சின்னம், பாலிசி நம்பர், பெயர், எல்லாம் அச்சு அசல். ஆறு வாரம் கழித்து ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்தினார்கள். அங்கே நம் வேலூர் கிரீன் சர்க்கிளில் நிறுத்தி ஆர்.சி. புக்கைக் கேட்பது போலக் கேட்பதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. எல்லா இன்சூரன்ஸும் பதிவாகியிருக்கும் பொதுவான டேட்டாபேஸில் அந்த நம்பர் இல்லையென்றால் அப்போதே தெரிந்துவிடும். அவள் பாலிசி அங்கே இல்லை. கையில் இருந்த தாளை நீட்டினாள், அந்தக் காவலர் பாவமாகப் பார்த்தாராம். சாலை ஓரத்திலேயே காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் ஆறு பெனால்டி பாயிண்ட், காரை மீட்கத் தனிக் கட்டணம். மழையில் நின்றபடி எனக்குப் போன் செய்தாள். நான் போய்க் கூட்டி வந்தேன். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் போலி பாலிசி விற்கிறவர்களுக்கு அங்கே 'கோஸ்ட் புரோக்கர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள் வலையில் சுலபமாக விழுந்துவிடுகிறார்கள். நம் மொழியில் பேசுகிறாரே என்று நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். கார் நம்பரை அந்த டேட்டாபேஸில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம்.

12 மாதம் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். குடியேறி ஒரு வருடம் ஆன மறுநாள் நம் லைசென்ஸ் அங்கே செல்லாது. லைசென்ஸ் செல்லாமல் ஓட்டினால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அதற்குள் அங்கே தியரி, ரோடு டெஸ்ட் இரண்டும் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். ரோடு டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்கவே அப்போது மாதக்கணக்கில் ஆனது. அதனால் போய் இறங்கிய மாதமே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே தியரி தேர்வைத் தமிழ்க் குரலில் கேட்டுப் பதில் சொல்லும் வசதியே இருந்தது. 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். நான் 2022 செப்டம்பரில் பாஸ் செய்தேன். அடுத்த ரினீவலில் 980 ஆனது. அதற்கடுத்த வருடம் நாடு முழுக்க பிரீமியம் எகிறியபோதும் எனக்கு 840-க்கு இறங்கியது. ஒவ்வொரு கிளைம் இல்லாத வருடத்துக்கும் அங்கே அவ்வளவு மதிப்பு.

திரும்பி வரும்போது மட்டும் நான் ஏமாறவில்லை. காரை விற்றுவிட்டு, பாலிசியை முடித்த அன்றே நோ கிளைம் சான்று கேட்டேன். மறுநாள் காலை ஈமெயிலில் வந்துவிட்டது. மூன்று வருடம், கிளைம் எதுவும் இல்லை, தேதி, பாலிசி நம்பர், ஒரே பக்கம். யாரையும் கெஞ்சவில்லை. அந்தத் தாளைத்தான் வேலூர் அலுவலர் என் பக்கம் தள்ளினார்.

நம் நாட்டில் வண்டி இன்சூரன்ஸுக்காக 2002-ல் வந்த மோட்டார் டாரிஃப் விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டில் நோ கிளைம் போனஸ் சம்பாதித்தவர் அதற்கான சான்றைக் காட்டினால், அந்த வெளிநாட்டு பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இங்கே போடும் புது பாலிசிக்கு அந்தப் போனஸைக் கொடுக்கலாம். என் கணவர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அதை மேஜையில் வைத்தோம். அலுவலர் படித்தார், மேனேஜரிடம் கொண்டு போனார். மேனேஜர் சென்னைக்குப் போன் செய்தார். "இப்படி ஒரு கேஸ் எங்க பிராஞ்சுக்கு வந்ததே இல்லைம்மா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, உண்மையாகவே வந்திருக்காது. வந்தவர்கள் முதல் மேஜையிலேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

பதினோரு நாள் ஆனது. கார் ஷோரூமிலேயே நின்றது. கடைசியில் கொடுத்தார்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 14,600 ரூபாய், அதில் 35 சதவீதம், 5,110 ரூபாய் குறைந்தது. நிறையப் பேருக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் அது மூன்று குளிர்காலம், பனி உறைந்த சாலையில், நைட் டூட்டி முடிந்த கண்ணோடு, ஒருவர் மீதும் இடிக்காமல் ஓட்டியதற்குக் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆம்பூரிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போன குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன. துபாயில் இன்சூரன்ஸ் இல்லாமல் முல்கியா, அதாவது வண்டியின் பதிவு அட்டை, கிடைக்காது என்பதால் அங்கே கார் ஓட்டிய ஒவ்வொருவரிடமும் பாலிசி இருந்திருக்கும். ஐந்து வருடம், பத்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, இங்கே கார் வாங்கும்போது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பு அங்கே ஒரு நோ கிளைம் சான்று வாங்கியிருந்தால் போதும். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் கதை இன்னும் கடினம். எங்கள் சித்தி மகன் அங்கே இருக்கிறான். நம் லைசென்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். இன்சூரன்ஸ் கம்பெனி தரும் ஒரு குறியீட்டு எண் கையில் இல்லாமல் காரைப் பதிவு செய்யவே முடியாது. எத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டினாய் என்பதை வைத்து அவர்களும் ஆளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அவனும் கீழ் வகுப்பிலிருந்துதான் தொடங்கினான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள இன்சூரன்ஸ் கிளைகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். வாடிக்கையாளர் காரை விற்கிறேன், வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் நோ கிளைம் கடிதத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், எத்தனை வருடம் என்று எண்ணால் எழுதிக் கொடுங்கள். 50 சதவீதம் என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது, அவர்கள் வருடத்தைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுச் சான்றோடு ஒருவர் வந்தால் விதியைப் பார்க்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு வரி தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே பாதிப் பேருக்கு உதவியாக இருக்கும். காட்பாடியிலும் வேலூரிலும் ஆங்கிலத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் பயிற்சி கொடுக்கும் மையங்கள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. குளிருக்கு என்ன ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்று சொல்லித் தருகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

லைசென்ஸ் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அது ஆன்லைனில் ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துவிட வேண்டும். லைசென்ஸ் எடுத்த தேதியோடு ஒரு எக்ஸ்ட்ராக்ட்டும், அதாவது லைசென்ஸ் விவரச் சான்றும், வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே போனபின் 'எத்தனை வருடமாக ஓட்டுகிறாய்?' என்று கேட்கும்போது நம் வாய் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள். போகும் சமயத்தில் லைசென்ஸ் காலாவதி ஆக ஒரு வருடத்துக்குள் இருந்தால் இங்கேயே புதுப்பித்துவிடலாம். காலாவதி ஆகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டி வரும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த மாதம் அயர்லாந்து கிளம்புகிறாள். ஸ்விஃப்ட் கார் அவள் பெயரில்தான் இருக்கிறது, நான்கு வருடம் கிளைம் இல்லை. போன வியாழக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு அவளுடைய கம்பெனியின் கிளைக்குப் போனேன். "ரினீவல் நோட்டீஸே போதுமேக்கா" என்று அதே பதில்தான் வந்தது. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நானே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு நகலில் கையெழுத்தும் வாங்கி வந்தோம். திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
காட்பாடி.